வெளிநாட்டிலிருந்து கேள்வித்தாள் வந்தால், வகுப்பில் விநியோகிக்கும் முன்

போன வாரமும் ஒருவர் வந்தார். செவிலியர் கல்லூரி விரிவுரையாளர். கையில் ரப்பர் பேண்ட் போட்ட நான்கு கட்டுகள், எல்லாம் மாணவர்கள் நிரப்பிய ஆய்வுக் கேள்வித்தாள்கள். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் தம் ஆய்வுக்காக மின்னஞ்சலில் கேட்டாராம். இவரும் தம் வகுப்பிலேயே நிரப்பி வாங்கி, எக்செல்லில் ஏற்றி அனுப்பிவிட்டார். கட்டுரை வெளிவந்துவிட்டது. கட்டுரையாசிரியர் வரிசையில் இவர் பெயர் இல்லை. கடைசியில் நன்றி என்று ஒரு வரி. “ஏதாவது செய்ய முடியுமா மேடம்?” இந்த ஆண்டில் இதே கேள்வியோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர்.

மனிதர்களிடம் நடத்தும் ஆய்வைத் தொடங்கும் முன்பே பரிசீலிக்கும் உங்கள் கல்லூரி நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே என்று கேட்டேன். “அதான் அங்கேயே வாங்கிட்டாங்களே மேடம்.”

இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அங்கே வாங்கிய அனுமதி அங்கே நடக்கிற வேலைக்கு. கேள்விக்குப் பதில் சொல்கிறவர் எங்கே இருக்கிறாரோ, அங்கேயும் அனுமதி வேண்டும். ஆய்வு நடக்கும் நாட்டின் சட்டத்தையும் விதிகளையும் பார்க்க வேண்டும் என்கிறது, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுக்கு உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கி பிரகடனம். சியாம்ஸ் (CIOMS) என்ற சர்வதேச மருத்துவ அறிவியல் அமைப்புகளின் மன்றம் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இன்னும் நேராகச் சொல்கின்றன: வெளிநாட்டு நிதியில் நடக்கும் ஆய்வை இரண்டு பக்கமும் பரிசீலிக்க வேண்டும். அங்குள்ள குழுவுக்கு உங்கள் வகுப்பறை தெரியாது. இன்டர்னல் மதிப்பெண் போடும் ஆசிரியரே தாளை நீட்டிவிட்டுப் பக்கத்தில் நின்றால், எந்த மாணவர் வேண்டாம் என்பார்? மறுக்கலாம் என்று படிவத்தில் அச்சடித்தால் மட்டும் அது சம்மதம் ஆகிவிடாது. “ஊசியா போட்டோம், வெறும் கேள்வித்தாள்தானே” என்பார்கள். சரி, குழுவின் முழுப் பரிசீலனையிலிருந்து விலக்கு இருக்கலாம். ஆனால் விலக்கு உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியதும் குழுதான். டேட்டா எடுத்து முடித்த பிறகு போய் நின்றால் எந்தக் குழுவும் முன்தேதியிட்டு அனுமதி தராது.

அப்புறம் அந்தத் தாளை வாங்கிப் படித்தேன். மூலத்தில் ‘பிரிசெப்டர்’ என்று இருந்த இடத்திலெல்லாம் ‘ஆசிரியர்’. வார்டில் கூடவே நின்று கற்றுத்தரும் மூத்த செவிலியரைப் பற்றிய கேள்விக்கு, மாணவர்கள் வகுப்பாசிரியரை நினைத்துப் பதில் எழுதியிருக்கிறார்கள். ஒரே இரவில் ஒரே ஆள் செய்த மொழிபெயர்ப்பு. மூலத்தைப் பார்க்காத இன்னொருவரைக் கொண்டு திருப்பி மொழிபெயர்த்துப் பார்த்திருந்தால் முதல் பக்கத்திலேயே தெரிந்திருக்கும். பத்து மாணவர்களிடம் கொடுத்து, என்ன புரிந்தது என்று கேட்டிருந்தாலும் போதும்.

‘மூன்றாம் ஆண்டு மாணவர்’ என்று இரண்டு நாடுகளை ஒப்பிடுவதும் இப்படித்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுச் செவிலியர் பயிற்சி குறைந்தது 3 ஆண்டு, 4600 மணி நேரம். அதில் பாதியாவது நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி. உங்கள் மாணவர் அதற்குள் எத்தனை மணி நேரம் வார்டில் நின்றார் என்று கேட்காமல் மதிப்பெண்ணை ஒப்பிட்டு என்ன பயன்?

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு நான்கு நிபந்தனை வைத்திருக்கிறது: ஆய்வில் கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவது அல்லது ஆழ்ந்து திருத்துவது, இறுதி வடிவுக்கு ஒப்புதல், முழுப் பணிக்கும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தால்தான் கட்டுரையாசிரியர். ஆனால் முதல் நிபந்தனையை நிறைவேற்றியவருக்குக் கட்டுரையை எழுதவும் திருத்தவும் இறுதி ஒப்புதல் தரவும் வாய்ப்புத் தர வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. இந்த இரண்டாவது பாதியை நம்மவர்கள் கேட்பதே இல்லை. கேளுங்கள், முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள். யார் யார் ஆசிரியர், எந்த வரிசை, டேட்டா யாரிடம் இருக்கும், அதை வைத்து நாம் தனிக் கட்டுரை எழுதலாமா, எல்லாம் எழுத்தில் வரட்டும். கேள்வித்தாளை உருவாக்கியவரின் அனுமதிக் கடிதத்துக்கும் ஒரு நகல் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று பயப்படாதீர்கள். நல்ல ஆய்வாளர் கோபப்பட மாட்டார்; இவற்றை அவரே முதலில் அனுப்பியிருப்பார். உங்கள் மாணவர்களிடம் தாளை நீட்டுவது வேறு யாராவது ஒருவராக இருக்கட்டும், தயவுசெய்து.

வந்தவரிடம், கட்டுரையின் முதன்மை ஆசிரியருக்கு எழுதுங்கள், பதில் இல்லையென்றால் இதழுக்கு எழுதுங்கள், அதற்கு முன் உங்கள் குழுவிடம் நடந்ததை நீங்களே போய்ச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டிவிட்டுக் கட்டுகளைப் பைக்குள் வைக்கப் போனார். மேல் தாளில் மாணவியின் பெயரும் பதிவு எண்ணும் பளிச்சென்று தெரிந்தன. முதலில் இவற்றைப் பூட்டி வையுங்கள் என்றேன்.