மணித்தியாலம் மலிவு, பில் அதிகம்

1946இல் இலங்கைத் தேயிலைக்கு வந்த கொப்புள நோய், இலையில் கண்ணாடிப் புள்ளி போலத் தொடங்கி, அப்புறம் அடிப்பக்கம் வெள்ளையாக உப்பிவிடும். போனில் எடுத்த படத்தைப் பார்த்தே அதை அடையாளம் காண ஒரு கணினி மாதிரியைப் பயிற்றுவிக்க ஹட்டன் பக்கத்துப் பிள்ளைகள் ஆசைப்படுகிறார்கள். பயிற்சிக்கு வேண்டிய பெரிய கணினியை இணையம் வழியே வாடகைக்குத் தருவது கிளவுட். அவர்கள் முதலில் கேட்பது, "எந்தக் கிளவுட் மணித்தியாலத்துக்குக் குறைவு?"

கேட்க வேண்டியது, ஒரு பயிற்சி முடிய மொத்தம் எவ்வளவு என்பதை. பயிற்சியை ஓட்டும் சிப்களில், என்விடியாவின் டி4 நினைவகத்திலிருந்து விநாடிக்கு 320 கிகாபைட் எடுக்கும்; 40 கிகாபைட் ஏ100 ஏறக்குறைய 1,555. கிட்டத்தட்ட 5 மடங்கு. ஒரு கணக்குக்கு, முதலாவதின் வாடகை மணித்தியாலத்துக்கு அரை டொலர், மற்றதற்கு 2 டொலர் என்று வைப்போம். ஒன்றில் 10 மணித்தியால வேலை மற்றதில் 2 மணித்தியாலத்தில் முடிந்தால், 5 டொலருக்குப் பதில் 4 டொலர். விலை கூடியதே மலிவு!

ஆனால் இந்தக் கணக்கு எளிதில் கவிழும். லொறி பிந்தினால் பெக்டரியில் கொழுந்து அரைக்கும் ரோலர் சும்மா சுற்றும், கரண்ட் பில் மட்டும் ஏறும். கிளவுட்டிலும் அப்படித்தான். படத்தைத் திறந்து, சுருக்கி, சிப்புக்கு ஊட்டுவது சாதாரண புரோசசரின் வேலை. அது பின்தங்கினால் ஏ100 காத்துக் கிடக்கும். 2 மணித்தியாலம் 8 ஆனால் பில் 16 டொலர். ரூபாயில் சம்பாதிப்பவருக்கு அது சின்னத் தொகை இல்லை.

இதற்கு மருந்து வீட்டிலேயே இருக்கிறது. போன் படம் ஒன்றில் பெரும்பாலும் 1 கோடி 20 இலட்சம் புள்ளிகள் (பிக்சல்). இந்த வகை மாதிரிகள் பலவற்றுக்கு 224க்கு 224, அதாவது சுமார் 50 ஆயிரம் போதும். ஏற்றும் முன்பே நம் கணினியில் சுருக்கிவிட்டால் சிப் பட்டினி கிடக்காது. பனி மூடிய நாளில் இழுக்கும் இணைய இணைப்பிலும் படங்கள் சீக்கிரம் ஏறிவிடும். எனக்குத் தெரிந்து இதைவிட இலாபமான வேலை வேறில்லை.

மிச்ச இயந்திரங்களைத் தரும் ஸ்பொட் வாடகையில் 90 வீதம் வரை குறையும். ஆனால் கிளவுட் தரும் அமேசான், தனக்குத் தேவைப்பட்டால் இயந்திரத்தை 2 நிமிட அறிவிப்பில் பிடுங்கிக்கொள்ளும். அதனால் பயிற்சியின் நிலையை அடிக்கடி சேமித்து வையுங்கள்.

பயிற்சிக்கு மும்பாயோ அமெரிக்காவோ, எங்கே குறைவோ அங்கே போகலாம், தூரம் பெரிதாகத் தடுக்காது. மலையில் நின்று இலையைக் காட்டிக் கேட்கும்போதுதான் தூரமும் சிக்னலும் படுத்தும். அதற்கு மொபைல்நெட் போன்ற சிறிய மாதிரி நல்லது. அதன் முதல் பதிப்பில், பயிற்சியில் கற்றுச் சேமிக்கும் எண்கள் சுமார் 42 இலட்சம். எண்ணுக்கு ஒரு பைட் என்று சுருக்கினால் ஏறக்குறைய 4 மெகாபைட். போனிலேயே ஓடும், கிளவுட் பில்லே வராது.