சேலம் பின்கோடு பகா எண்ணா?

சேலம் தலைமை அஞ்சலகத்தின் பின்கோடு 636001. இது பகா எண்ணா, பகு எண்ணா? பார்வைக்குப் பகா எண் போலத்தான் இருக்கிறது. பள்ளியில் சொல்லித்தந்தபடி பகா எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வகுத்துக்கொண்டே போனால், 2 முதல் 643 வரை 117 பகா எண்களும் கைவிரித்துவிடும். 118-ஆவதாக வரும் 647-இல்தான் விடை கிடைக்கும்: 636001 = 647 × 983.

ஆறு இலக்கத்துக்கே இந்தப் பாடு. இணையத்தில் ரகசியத் தகவல்களைக் காக்கப் பயன்படும் ஆர்.எஸ்.ஏ. பூட்டுமுறைக்கு முந்நூறு இலக்கப் பகா எண்கள் வேண்டும். அவற்றை வகுத்துச் சோதிப்பதென்றால் வர்க்கமூலம் வரை, அதாவது 150 இலக்க எண்கள் வரை போக வேண்டும். உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் நடக்காது. ஆனால் உங்கள் செல்போனே அப்படி ஒரு பகா எண்ணைச் சில நொடிகளில் கண்டுபிடித்துவிடும். காரணி தேடாமலே எப்படி?

வழி காட்டியவர் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா. 1640-இல் ஒரு கடிதத்தில் அவர் எழுதியது இது: ஒரு பகா எண்ணால் வகுபடாத எந்த எண்ணையும், அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1. பகா எண் 7 என்றால் 2-இன் 6-ஆவது அடுக்கு 64, மீதி 1. சரி, 9-க்குச் செய்து பாருங்கள். 2-இன் 8-ஆவது அடுக்கு 256, மீதி 4. ஆக, 9 பகா எண் இல்லை. இதில் 3 என்ற பேச்சே எழவில்லை.

சேலத்துக்கு வருவோம். 2-இன் 636000-ஆவது அடுக்கில் 1,91,456 இலக்கங்கள் இருக்கும். அதை எழுத வேண்டியதே இல்லை. வர்க்கப்படுத்து, 636001-ஆல் வகு, மீதியை மட்டும் வைத்துக்கொள், அதை மறுபடி வர்க்கப்படுத்து. இப்படி 19 வர்க்கங்கள், நடுவில் சில இடங்களில் இரண்டால் பெருக்கல், அவ்வளவுதான். கடைசி மீதி 631253. அது 1 இல்லை என்பதால் 636001 பகு எண்.

கவனியுங்கள், இந்தக் கணக்கில் 647-உம் 983-உம் எங்கேயும் தலைகாட்டவில்லை. எண் உடைபடும் என்று ஐயமில்லாமல் தெரிந்துவிட்டது. எங்கே உடைபடும் என்று தெரியவில்லை. எண்ணியலில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். ஆர்.எஸ்.ஏ. நிற்பதும் இந்த இடைவெளியில்தான். பெரிய பகா எண்களைக் கண்டுபிடிப்பது எளிது. அப்படி இரண்டைப் பெருக்கி வந்த எண்ணைத் திரும்பப் பிரிக்க எளிய வழி யாருக்கும் கிடைக்கவில்லை.

ஆனால் ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் எண்களும் உண்டு. மலையேறினால் ஏற்காட்டின் பின்கோடு 636601. அது 7-ஆல் வகுபட்டுவிடும். அதன் கடைசி நான்கு இலக்கங்களான 6601 லேசுப்பட்டதல்ல. அது 7 × 23 × 41. இந்த மூன்றாலும் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் பகா எண் போலவே மீதி 1 தரும். இப்படி ஏமாற்றும் எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். ராமானுஜனால் புகழ்பெற்ற 1729-உம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இவை முடிவில்லாமல் இருக்கின்றன என்று 1994-இல் நிரூபித்தார்கள்.

இவற்றைப் பிடிக்க வந்தது மில்லர்–ராபின் சோதனை. ஒரு பகா எண்ணைவிடச் சிறிய எண்களில், வர்க்கப்படுத்தி வகுத்தால் மீதி 1 தருபவை இரண்டே: 1, அப்புறம் அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவானது. 6601-க்கு, 6600-இல் கால்பங்கான 1650-ஐ எடுத்துக்கொள்வோம்: 2-இன் 1650-ஆவது அடுக்கில் மீதி 4509. இதன் வர்க்கம் 2,03,31,081. அதை 6601-ஆல் வகுத்தால் மீதி 1. ஆனால் 4509 என்பது 1-உம் அல்ல, 6600-உம் அல்ல. குட்டு வெளிப்பட்டுவிட்டது!

ஏதோ ஓர் எண்ணைக் குருட்டாம்போக்கில் எடுத்து இப்படிச் சோதித்தால், பகு எண் தப்பிக்கும் வாய்ப்பு அதிகபட்சம் நாலில் ஒன்று. 20 முறை சோதித்தால் லட்சம் கோடியில் ஒன்றுக்கும் குறைவு. துளி ஐயமும் கூடாது என்பவர்களுக்கு, 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் எந்த எண்ணுக்கும் நிச்சயமான விடையை நியாயமான நேரத்தில் தரும் முறையை நிரூபித்தார்கள். நடைமுறையில் அது மெதுவானது என்பதால், பூட்டுக்குப் பகா எண் தேடும் மென்பொருள்கள் பெரும்பாலும் மில்லர்–ராபினையே நம்புகின்றன.