முந்திரிக்காட்டில் ஒரு நேர்கோடு

காடாம்புலியூர் தாண்டி, நெய்வேலி போகும் சாலைக்குக் கிழக்கே இருந்த முந்திரிக்காட்டுக்குள் நான் இறங்கியபோது காலை ஏழரை மணி. ஐப்பசி மூட்டம். சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. கையில் ஒரு வரைபடம், அதில் பத்து வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் எங்கோ ஒரு ஆரஞ்சுத் துணி கட்டியிருக்கிறது. வரிசையாகக் கண்டுபிடித்துவிட்டுத் திரும்பி வர வேண்டும். முதல் துணி சுலபமாகக் கிடைத்துவிட்டது. இரண்டாவதற்கு நேராகத்தான் நடந்தேன். இருபது நிமிடம் கழித்து, மரத்தடியில் சருகு அரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன தம்பி, மூணாவது தடவையா இங்கயே வர்றீங்க, எதனா தொலைச்சிட்டீங்களா?"

தொலைந்தது நான்தான் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

இந்த விளையாட்டை எங்கள் தலையில் கட்டியது சித்தப்பா மகன். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் சொல்தா வீடு என்றால் எல்லோருக்கும் புரியும். தம்பி பாரிஸ் பக்கம் இருக்கிறான். இலையுதிர் காலம் வந்தால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் ஃபோந்தேன்ப்ளோ காட்டில் ஓடுவது அவன் வழக்கம். பெயர் ஓரியன்டியரிங். காம்பஸும் வரைபடமும் கொடுத்துக் காட்டுக்குள் விட்டுவிடுவார்கள். எந்தப் புள்ளிக்குப் பிறகு எந்தப் புள்ளி என்பது மட்டும்தான் கட்டளை, எந்த வழியாகப் போவது என்பது அவரவர் பாடு. ஒவ்வொரு புள்ளியிலும் முப்பது சென்டிமீட்டர் அளவில் வெள்ளையும் ஆரஞ்சும் கலந்த முப்பட்டைக் கொடி தொங்கும். விரலில் மாட்டிய சிப்பை அங்கே உள்ள பெட்டியில் தொட்டுவிட்டு அடுத்ததற்கு ஓட வேண்டும். ஒருவர் பின்னால் ஒருவர் போய்விடக் கூடாது என்று சில நிமிட இடைவெளியில் தனித்தனியாகக் கிளப்புவார்கள்.

ராணுவப் பயிற்சியாகப் பிறந்து, 1897இல் நார்வேயில் பொதுமக்களுக்கான போட்டியாகி, 1919க்குப் பிறகு ஸ்வீடனில் எர்ன்ஸ்ட் கில்லாண்டர் என்ற ராணுவ அதிகாரியின் முயற்சியால் பரவிய விளையாட்டு இது. சரி, வரலாறு அவ்வளவு போதும். நான் ஏன் வட்டமடித்தேன் என்பதற்கு வருகிறேன்.

2009இல் யான் சௌமன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஜெர்மனியில் பியன்வால்ட் என்ற சமதளக் காட்டில் ஆறு பேரிடம் ஜிபிஎஸ் கருவியைக் கொடுத்து, மணிக்கணக்கில் நேராக நடக்கச் சொன்னார்கள். நான்கு பேர் நடந்தது மேகமூட்டமான நாளில். நால்வருமே சுற்றினார்கள். அதில் மூன்று பேர் தாங்கள் வந்த தடத்தைத் தாங்களே பலமுறை குறுக்கே கடந்திருக்கிறார்கள், அது அவர்களுக்குத் தெரியவே இல்லை. வெயில் அடித்த நாளில் நடந்த இருவர் கிட்டத்தட்ட நேராகப் போய்ச் சேர்ந்தார்கள். கண்ணைக் கட்டிவிட்டால் நிலைமை இன்னும் மோசம்: சிலர் போட்ட வட்டங்களின் குறுக்களவு இருபது மீட்டர்தான்.

ஒரு கால் மற்றதைவிட நீளம், அதனால்தான் வளைகிறோம் என்று ஊரில் ஒரு விளக்கம் சொல்வார்கள். அது உண்மையென்றால் ஒவ்வொருவரும் எப்போதும் ஒரே பக்கம்தான் வளைய வேண்டும். ஆய்வில் அப்படி நடக்கவில்லை. ஒரே ஆள் கொஞ்ச நேரம் இடப்பக்கம் வளைந்தார், அப்புறம் வலப்பக்கம் வளைந்தார். சிக்கல் காலில் இல்லை. 'நேர்' என்பது எந்தப் பக்கம் என்று மூளை வைத்திருக்கும் கணக்கு அடிக்கு அடி துளித்துளியாகப் பிசகுகிறது. உள்காதில் இருக்கும் அரைவட்டக் குழல்கள் சட்டென்று திரும்பினால் சொல்லிவிடும், மெல்ல மெல்லத் திரும்பினால் அவற்றுக்கு உறைக்காது. தொலைவில் ஒரு கோபுரமோ சூரியனோ தெரிந்தால் அந்தப் பிசகு அவ்வப்போது திருத்தப்பட்டுவிடும். தெரியாவிட்டால் பிசகின் மேல் பிசகு ஏறிக்கொண்டே போகும்.

இதற்கென்றே செய்து வைத்தது போல இருக்கிறது முந்திரிக்காடு. சவுக்குத்தோப்பில் மரங்கள் வரிசையாக நிற்கும், அந்த வரிசையே ஒரு கோடுதான். முந்திரிக் கிளையோ தரையைத் தொடுகிற அளவுக்குத் தாழ்ந்து பரவும். ஒவ்வொரு மரத்துக்கும் குனிய வேண்டும், வளைய வேண்டும். வளைந்துவிட்டுப் பழைய கோட்டுக்கு வந்துவிட்டோம் என்று நினைப்போம், வந்திருக்க மாட்டோம். ஃபோந்தேன்ப்ளோவில் இதே வேலையைப் பெரிய பெரிய மணற்கல் பாறைகளும் உதிர்ந்த இலைகளும் செய்யுமாம். வரைபடத்தில் ஒற்றையடிப் பாதை தெளிவாக இருக்கும், தரையில் அதை ஓக் இலைகள் மூடியிருக்கும். பாதையின் மேலேயே நின்றுகொண்டு பாதையைத் தேடுவார்கள்.

"அதுக்குத்தான் காம்பஸ் குடுத்தேன் அண்ணே, அதைப் பாக்கவே இல்லையா?" என்றான் தம்பி. பார்த்தேன். அந்தக் காம்பஸே ஒரு தனிக் கதை.

அவன் பிரான்சில் வாங்கியது. கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் வகை. உள்ளே எண்ணெய் போன்ற திரவம் நிறைத்திருக்கும்; ஓடும்போது ஊசி தறிகெட்டு ஆடாமல் அது பிடித்து நிறுத்தும். அதை உள்ளங்கையில் சமமாக வைத்துப் பார்த்தேன். ஊசியில் வடக்கைக் காட்டும் சிவப்பு முனை கொஞ்சம் மேலே தூக்கிக்கொண்டு நின்றது, தெற்கைக் காட்டும் வெள்ளை முனை கீழே தாழ்ந்து அடித்தட்டை உரசியது. உரசினால் ஊசி சிக்கும், சிக்கினால் பொய் சொல்லும். தட்டித் தட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

கருவியில் பழுது ஒன்றும் இல்லை. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாகப் போவது காந்த நடுக்கோட்டின் அருகில் மட்டும்தான். வடக்கே போகப் போக அது தரைக்குள் சாய்ந்து இறங்கும். பாரிஸில் அந்தச் சாய்வு அறுபது டிகிரிக்கு மேல். அங்கே ஊசியை அப்படியே விட்டால் வட முனை கீழே குத்திக்கொண்டு நிற்கும், அதனால் தென் முனையில் துளி எடை கூட்டிச் சமன் செய்து விற்கிறார்கள். காந்த நடுக்கோடு தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. நம் கடலூர், புதுச்சேரியில் சாய்வு பத்து டிகிரிகூடக் கிடையாது. வட முனையைக் கீழே இழுக்க ஆளில்லாததால் தென் முனையில் கூட்டிய எடை ஜெயித்துவிடுகிறது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு ஊசி என்று நிறுவனங்கள் தயாரிப்பது இதற்காகத்தான். எங்கும் செல்லும் ஊசிகளும் உண்டு, விலைதான் கூடுதல். இதில் நமக்கு ஒரு லாபமும் இருக்கிறது. ஊசியைத் திருப்பி வடக்கே நிறுத்துவது புலத்தின் கிடைமட்டப் பங்குதான், அது பாரிஸைவிட இங்கே ஏறக்குறைய இரு மடங்கு. உரசாத ஊசி கிடைத்தால் இங்கே அது சொன்ன பேச்சைக் கேட்கும்.

தம்பி காம்பஸைக் கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தான். ஊசி விடுபட்டது. பக்கத்தில் கைப்பேசியைக் கொண்டுவரக் கூடாது என்றும் சொன்னான்; அதன் ஒலிபெருக்கியில் காந்தம் இருக்கிறது.

ஊசி சரியாகக் காட்டினாலும் நாம் சரியாகப் போக மாட்டோம் என்பதுதான் இந்த விளையாட்டின் சுவையான பகுதி. நல்ல ஓட்டக்காரர் தன் திசையில் பிழை வராது என்று நினைப்பதே இல்லை. எவ்வளவு வரும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுக்கொண்டுதான் கிளம்புகிறார்.

எனக்கு நான்காவது துணி ஒரு மோட்டார் கொட்டகை அருகே இருந்தது. நின்ற இடத்திலிருந்து கிழக்கே 400 மீட்டர். கொட்டகையை ஒட்டி வடக்கு தெற்காக ஒரு வண்டிப்பாதை போகிறது. மரங்களுக்கு நடுவே நடக்கும்போது ஐந்து டிகிரி பிசகுவது பெரிய விஷயமே இல்லை. 400 மீட்டர் முடிவில் அந்த ஐந்து டிகிரி 35 மீட்டர் விலகலாகிவிடும். முந்திரிக்காட்டுக்குள் 30 மீட்டருக்கு அப்பால் கண் தெரியாது. ஆக, கொட்டகையை நேராகக் குறிவைத்தால் வண்டிப்பாதைக்கு வந்து நிற்பேன், கொட்டகை கண்ணில் படாது, அது இடப்பக்கமா வலப்பக்கமா என்றும் தெரியாது. தப்பான பக்கம் திரும்பினால் தொலைந்தது நேரம்.

இதற்கு ஓட்டக்காரர்கள் செய்வது எளிமையான தந்திரம். வேண்டுமென்றே தப்பாகப் போவார்கள். கொட்டகைக்குப் பத்து டிகிரி தெற்கே குறிவைத்து நடந்தேன். அப்படி நடந்தால் கொட்டகைக்குச் சுமார் 70 மீட்டர் தெற்கே பாதையைத் தொடுவேன். என் பிழை ஐந்து டிகிரி எந்தப் பக்கம் போனாலும் நான் தெற்கே இருப்பது மாறாது. பாதை வந்ததும் யோசிக்காமல் இடப்பக்கம் திரும்பினேன். கொட்டகை வந்தது, துணியும் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே பெருமை அது.

கோடு போலப் போகும் எதையும் இவர்கள் விட மாட்டார்கள். வரப்பு, வாய்க்கால், வேலி எதுவானாலும் கைப்பிடிச் சுவர் மாதிரி பிடித்துக்கொண்டே போவார்கள். இலக்கைத் தாண்டிவிட்டால் தடுத்து நிறுத்த ஒரு சாலையையோ ஓடையையோ வரைபடத்தில் முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்வார்கள். அந்தப் பெரியம்மா எனக்கு முதல் நாள் சொன்னதும் இதைத்தான்: "பஸ் சத்தம் வர்ற பக்கமா போங்க, ரோடு வந்துடும்."

தூரத்துக்குக் காலடிதான் அளவுகோல். வலது கால் தரையில் படுவதை மட்டும் எண்ணுவார்கள். நூறு மீட்டருக்கு எனக்கு 66 வந்தது. குனிந்து வளைந்து போனால் 75 கூட ஆனது, அதையும் சேர்த்துக் கணக்கு வைக்க வேண்டும்.

வரைபடத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வழக்கப்படி வடக்கை மேலே வைத்துக்கொண்டுதான் நான் பார்த்தேன். தம்பி தலையில் அடித்துக்கொண்டான். வரைபடத்தின் வடக்கும் நிலத்தின் வடக்கும் எப்போதும் ஒன்றாகப் பொருந்தியிருக்க வேண்டும். நாம் திரும்பினால் நாம்தான் திரும்ப வேண்டும், காகிதம் திரும்பக் கூடாது. காரணம் மூளையில் இருக்கிறது. ஒரு உருவத்தை மனதுக்குள் சுழற்றிப் பார்க்க ஆகும் நேரம், சுழற்ற வேண்டிய கோணத்துக்கு ஏற்பக் கூடிக்கொண்டே போகும் என்று 1971இல் ஷெப்பர்டும் மெட்ஸ்லரும் காட்டினார்கள். மூச்சிரைக்க ஓடும் ஆளுக்கு அந்தக் கூடுதல் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. போட்டி வரைபடங்களில் ஊசி காட்டும் காந்த வடக்குக் கோடுகளையே அச்சிடுவதும் இதே எண்ணத்தில்தான்: உண்மை வடக்குக்கும் காந்த வடக்குக்கும் உள்ள வித்தியாசத்தைக் கூட்டிக் கழிக்கும் வேலை மிச்சம். நம் பக்கம் அந்த வித்தியாசம் இரண்டு டிகிரிக்கும் குறைவு.

வரைபடம் என்றதும் இதைச் சொல்லாமல் விட மனமில்லை. இந்தியாவையே முக்கோணங்களாக்கி அளந்த பெரிய நில அளவையில் வடக்கு தெற்காக அளந்த முதல் வளைவு முடிந்தது நம் கடலூருக்குப் பக்கத்தில்தான். 1802இல் பரங்கிமலை அருகே அளவைக்கு ஆதாரமாகச் சுமார் 12 கிலோமீட்டர் கோடு அளந்த வில்லியம் லாம்ப்டன், அங்கிருந்து கடற்கரையோரமாக முக்கோணம் முக்கோணமாக இறங்கினார். அந்த வளைவின் தென்முனை திருவந்திபுரம், நாம் தேவநாதசாமியைச் சேவிக்கப் போகிற அதே ஊர். கோணம் அளக்க அவர் வரவழைத்த கருவி அரை டன் எடை. அதை ஏற்றி வந்த கப்பலைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து மொரிஷியஸுக்குக் கொண்டுபோய், என்னவென்று பார்த்துவிட்டு, மரியாதையாகச் சென்னைக்கு அனுப்பி வைத்தார்கள். சொல்தா வீட்டில் இந்தக் கதையைச் சொன்னால் காபி கூடுதலாகக் கிடைக்கும்.

சரி, மூளைக்கு வருவோம். ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு வரும்போது மட்டும் துடிக்கும் செல்களை 1971இல் ஜான் ஓ'கீஃப் எலியின் மூளையில் கண்டார். 2005இல் மோசர் தம்பதியர் இன்னொரு வகையைக் கண்டார்கள்: எலி நடக்க நடக்க, அறுகோண அடுக்கில் அமைந்த புள்ளிகளில் மட்டும் துடிக்கும் செல்கள், தரையில் கோலப்புள்ளி வைத்தது போல. மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதற்கும் தனிச் செல்கள் உண்டு. இவை எல்லாம் சேர்ந்து காலடியையும் திருப்பத்தையும் கூட்டிக் கூட்டி 'இப்போது இங்கே இருக்கிறாய்' என்று சொல்கின்றன. கூட்டலில் சேரும் பிழையைத் தெரிந்த அடையாளம் ஒன்றைப் பார்த்துத்தான் நேர் செய்ய முடியும். ஓட்டக்காரர் தன் கட்டைவிரலை வரைபடத்தில் தான் நிற்கும் இடத்திலேயே வைத்துக்கொண்டு, கிணறு, வரப்பு, பாறை என்று ஒவ்வொன்றையும் பார்த்து விரலை நகர்த்திக்கொண்டே போவது அந்தச் செல்களுக்குக் கையால் செய்யும் உதவி.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். முதல் நாள் எத்தனை நிமிடம் பின்தங்கினோமோ அத்தனை நிமிடம் தாமதமாகக் கிளம்ப வேண்டும் என்று தம்பி விதி வைத்தான், ஐரோப்பாவில் இரண்டு நாள் போட்டிகளில் அப்படியும் நடத்துவார்களாம். ஆறு துணிகள் மளமளவென்று கிடைத்தன. ஏழாவது, இரண்டு வரப்புகள் சந்திக்கும் மூலையில் ஒரு பட்ட முந்திரி. வரப்பு சரி, மூலை சரி, மரம்கூடச் சரி. துணி மட்டும் இல்லை. நேற்றைய பயம் திரும்பி வந்தது. காலடியை மறுபடி எண்ணி, காம்பஸைச் சாய்த்துப் பிடித்து, பத்து நிமிடம் அதே மரத்தைச் சுற்றினேன். மூன்று அடையாளங்கள் பொருந்தும்போது இடம் தப்பாக இருக்க வழியில்லை, ஆனால் கொடி இல்லாத இடத்தை நம்ப மனம் ஒப்பவில்லை.

வரப்பின் மறுபக்கம் விறகுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு பெரியம்மா வந்தார். கட்டுக்கும் தலைக்கும் நடுவே சும்மாடு. ஆரஞ்சு நிறச் சும்மாடு.

"இன்னைக்கும் தொலைச்சிட்டீங்களா தம்பி?" என்றார்.