பீர் காய்ச்சுறதா, ஊறல் போடுறதா? ஓட்மீல் ஸ்டவுட்டை வச்சு ஒரு சொல் விளக்கம்

வீட்டுலயே பீர் செய்யறதைப் பத்தி தமிழ்ல வர்ற வீடியோ, சப்டைட்டில், மொழிபெயர்ப்புக் கட்டுரை எதை எடுத்தாலும் 'ப்ரூயிங்'குக்கு ஒரே சொல்லைத்தான் போடுறாங்க: காய்ச்சுதல். வீட்டில் பீர் காய்ச்சுவது எப்படி, காய்ச்சுவதற்குத் தேவையான பொருட்கள், காய்ச்சி முடித்த பின் என்ன செய்ய வேண்டும். போனா போகுதுன்னு ரொம்ப நாளா விட்டாச்சு. ஆனா சமீபத்துல ஓட்மீல் ஸ்டவுட்டை, அதாவது ஓட்ஸ் சேர்த்த கருநிற பீரை, முதல்முறையா செய்யறவங்களுக்குன்னு ஒரு செய்முறை கண்ணுல பட்டுது, அதுல பார்லி மால்ட்டையும் (முளைகட்டிக் காய வச்ச பார்லி) ஓட்ஸையும் சேர்த்து ஒரு மணி நேரம் நல்லா காய்ச்சச் சொல்லியிருக்கு. இதுக்கு மேலயும் சும்மா இருக்க முடியல. இது வெறும் நடைக்குறை இல்ல. அந்த வரியை நம்பி அடுப்பைப் பத்த வச்சவங்களுக்குக் கடைசியில மிஞ்சப்போறது பீர் இல்ல, ஓட்ஸ் கஞ்சிதான்.

முதல்ல சொல்லோட பிறப்பு. ப்ரூ-ங்கிறது பழைய ஆங்கிலத்துல 'ப்ரேயோவன்', ஜெர்மன்ல 'ப்ரௌவன்', டச்சுல 'ப்ரௌவென்', எல்லாத்துக்கும் அடியில இருக்குறது பொங்குறது, குமிழி விடுறது, கொதிக்கிறதுன்னு பொருள் வர்ற ஒரு இந்தோ-ஐரோப்பிய வேர். 'ப்ராத்' கூட அதே குடும்பம்தான். அவ்வளவுதான் கதை. இந்த வேரைக் காட்டித்தான் சிலர், பாருங்க கொதிக்கிறதுன்னுதானே அர்த்தம், காய்ச்சுதல் சரிதானேன்னு வாதாடுறாங்க. அப்படிப் பார்த்தா 'ஃபெர்மென்ட்'டும் லத்தீன்ல கொதிக்கிறதுங்கிற 'ஃபெர்வேரே'லேர்ந்து வந்ததுதான், அதுக்காக யாராவது இட்லி மாவு கொதிச்சிடுச்சான்னு கேக்குறாங்களா? ஒரு சொல் எங்கேர்ந்து வந்துச்சுங்கிறது வேற, இன்னைக்கு அது எந்த வேலையைக் குறிக்குதுங்கிறது வேற.

இன்னைக்கு ப்ரூயிங்னா என்ன வேலை? மால்ட்டை வெந்நீர்ல ஊற வச்சு இனிப்புச் சாறு இறக்குறது, அந்தச் சாறை ஹாப்ஸ் (கசப்புக்கும் வாசனைக்கும் போடுற ஒரு கொடியோட பூ) போட்டுக் கொதிக்க விடுறது, ஆற வச்சு ஈஸ்ட் சேர்க்குறது, வாரக்கணக்குல அப்படியே விட்டு பீராக்குறது, இது மொத்தமும் சேர்ந்து ப்ரூயிங். இதுல காய்ச்சுறது ஒரு கட்டம்தான், அதுவும் சுமார் ஒரு மணி நேரம். அந்த ஒரு கட்டத்தோட பேரை மொத்தத்துக்கும் தூக்கி வச்சதுதான் எல்லாக் குழப்பத்துக்கும் காரணம்.

முதல் கட்டத்தைக் கொஞ்சம் கிட்டக்க போய்ப் பாருங்க. 20 லிட்டர் ஓட்மீல் ஸ்டவுட்டுக்கு ஒரு கணக்கு சொல்றேன்: 4 கிலோ பேல் மால்ட், அரை கிலோ ரோல்டு ஓட்ஸ், வறுத்த பார்லி 300 கிராம், சாக்லேட் மால்ட் 250 கிராம், கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். (சாக்லேட் மால்ட்ல சாக்லேட் கிடையாது, நிறத்துக்காக வந்த பேரு, அதையும் ஒருத்தர் சாக்லேட் கலந்த மால்ட்னு எழுதியிருந்தாரு.) தண்ணியை 72லேர்ந்து 74 டிகிரி செல்சியஸ் வரைக்கும் சூடாக்கி இதையெல்லாம் கொட்டிக் கட்டி தட்டாம கிளறினா சூடு இறங்கி 67, 68 டிகிரில வந்து நிக்கும். மூடி போட்டு, கம்பளியோ பழைய போர்வையோ சுத்தி ஒரு மணி நேரம் அப்படியே வச்சிடணும். அந்த நேரத்துல மால்ட்டுல இருக்குற அமைலேஸ் என்சைம், பார்லியோட மாவுச்சத்தையும் ஓட்ஸோட மாவுச்சத்தையும் உடைச்சு சர்க்கரையாக்கும். கரண்டில ஒரு சொட்டு எடுத்து வெள்ளைப் பீங்கான்ல விட்டு அயோடின் டிஞ்சர் சேர்த்துப் பாருங்க, கருநீலமா மாறினா மாவுச்சத்து இன்னும் மிச்சம் இருக்கு, அயோடினோட பழுப்பு அப்படியே நின்னா வேலை முடிஞ்சிது. இதை 'காய்ச்சினா' என்ன ஆகும்? 75 டிகிரியைத் தாண்டும்போதே என்சைம் வேகமா செத்துப்போக ஆரம்பிச்சிடும், கொதிக்கிற சூட்டுல ஒண்ணுமே மிஞ்சாது. மாவுச்சத்து மாவுச்சத்தாவே நிக்கும், ஓட்ஸ் கொழகொழன்னு பிடிச்சுக்கும், பார்லி உமியிலேர்ந்து துவர்ப்பு வேற இறங்கும். ஈஸ்ட் போட்டாலும் அதுக்குத் தின்ன சர்க்கரை இருக்காது.

மூலத்துல இருந்த 'மாஷ்' (வெந்நீர்ல ஊற வைக்கிறது) வேற, 'பாயில்' (கொதிக்க விடுறது) வேற, 'ப்ரூ' (மொத்த வேலையும்) வேற. மூணுக்கும் சேர்த்து காய்ச்சவும்னு ஒரே சொல்லைப் போட்டா செய்யறவங்க எதைன்னு எடுத்துப்பாங்க? மொழிபெயர்க்கிறவங்க ஒரு தடவை, செய்ய வேண்டாம், செய்யறதை நின்னு பார்த்தாலே இந்தத் தப்பு வராது. அகராதியைத் திறந்து முதல்ல கிடைச்ச சொல்லை எடுத்து ஒட்டிட்டுப் போற பழக்கம் சமையல் குறிப்பு, மருந்துச் சீட்டு, மிஷின் மேனுவல்னு எல்லா இடத்துலயும் பரவிக் கெடக்கு, அடிபடுறது என்னவோ படிக்கிறவங்கதான்.

இன்னொரு சிக்கல் இதைவிடப் பெருசு. தமிழ்ல பால் காய்ச்சுறோம், எண்ணெய் காய்ச்சுறோம், சரி. ஆனா போதை தர்ற குடியோட சேர்ந்து வந்தா காய்ச்சுறதுக்கு ஒரே அர்த்தம்தான், அடுப்புல பானையை ஏத்தி ஆவியைப் பிடிச்சுக் குளிர வச்சு சாராயம் இறக்குறது. பீர்ல அந்த வேலையே கிடையாது. பிரிட்டன்ல 1963லேர்ந்து வீட்டு உபயோகத்துக்கு பீர் செய்ய லைசென்ஸ் வேண்டாம், அமெரிக்காவுல 1978ல ஜிம்மி கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டத்துக்கு அப்புறம் வீட்டு பீருக்கு மத்திய அரசு வரி கிடையாது. ஆனா ரெண்டு நாட்டுலயும் லைசென்ஸ் இல்லாம சாராயம் இறக்குறது குற்றம். லண்டன்ல இருக்குற ஒரு தம்பி 'வீட்டில் காய்ச்சுவது சட்டப்படி சரியே'ன்னு தமிழ்ல படிச்சா எதைப் புரிஞ்சுப்பான்? தமிழ்நாட்டுலயோ 1937 மதுவிலக்குச் சட்டப்படி வீட்டுல பீர் செய்யறதுக்கும் அனுமதி இல்ல, அதையும் இந்தச் செய்முறைகள்ல ஒருத்தரும் ஒரு வரி எழுதறதில்லை. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சில மெத்தனால் கலந்த சாராயத்தால 60 பேருக்கு மேல செத்த பிறகு, காய்ச்சுறதுன்னு சொன்னாலே நம்ம ஜனங்களுக்குக் கண்ணு போகும், உயிரு போகும்ங்கிற பயம்தான் வருது. அது நியாயமான பயம். அதைக் கொண்டுபோய் பீர் மேல ஏத்துறது இந்தச் சொல்தான்.

சரி, வேற என்னென்ன சொல்றாங்க? 'நொதித்தல்' பாடப்புத்தகச் சொல், ஃபெர்மென்டேஷனுக்கு அது சரி, ஆனா அதுவும் ஒரு கட்டம்தான். 'புளிக்க வைத்தல்'னு சொன்னா புளிப்புன்னு ஆயிடும், ஸ்டவுட் புளிச்சிதுன்னா பாக்டீரியா புகுந்து கெட்டுப்போச்சுன்னு அர்த்தம். 'வடித்தல்'னா சோறு வடிக்கிறது, இல்லேன்னா திரும்பவும் சாராயம். 'பீர் போடுறது' கேக்க நல்லாத்தான் இருக்கு, காபி போடுற மாதிரி, கிறிஸ்துமஸுக்கு வீட்டுல ஒயின் போடுற மாதிரி, ஆனா 'நேத்து ஒரு பீர் போட்டேன்'னா குடிச்சேன்னுதானே எடுத்துப்பாங்க.

தூய தமிழ் அன்பர்கள் 'அடுதல்'ங்கிறாங்க, சமைக்கிறதுக்குப் பழைய சொல். பெரும்பாணாற்றுப்படையில 'இல்லடு கள்'னே வருது, வீட்டுல ஆக்கின கள்ளு, ஹோம்ப்ரூவுக்கு இதைவிட நேரான சொல் கிடையாதுன்னு நானும் ஒத்துக்கிறேன். அதே பாட்டுல வலைஞர் (மீனவர்) வீட்டுல நறும்பிழிங்கிற மணமான கள்ளு செய்யற முறையும் இருக்கு: அரிசியைக் களியாத் துழாவி, வாயகன்ற பிழாங்கிற தட்டுல போட்டு ஆற வச்சு, அதுக்கப்புறம்தான் நல்லடையைக் கலக்குறாங்க. பழைய உரை அதை நெல் முளைன்னு சொல்லுது. ரெண்டு பகலும் ரெண்டு ராத்திரியும் கழிச்சு, சாடியில விளைய விட்டு, விரலால அலைச்சுப் பிழியறாங்க. ஆற வச்ச பிறகு முளையைச் சேர்க்கணும்ங்கிற வரிசை அந்தப் பாட்டுல தெளிவா இருக்கு, இன்னைக்கு செய்முறை எழுதறவங்களுக்குத் தெரியல, எனக்கு அதுதான் ஆத்திரம். ஆனாலும் அடுதல் இன்னைக்கு செத்த சொல். 'பீர் அடுவது எப்படி'ன்னு எழுதினா யாருக்கும் புரியாது. தூய்மையா தெளிவான்னு வந்தா நான் தெளிவு பக்கம்தான் நிப்பேன்.

என் ஓட்டு 'ஊறல்' பக்கம். கல்வராயன் மலையில போலீஸ் ரெய்டுன்னா பேப்பர்ல வருமே, பேரல் பேரலா சாராய ஊறல் அழிப்புன்னு, வெல்லம், கடுக்காய், வேலம்பட்டை போட்டு ஊறிக்கிட்டு இருக்குறது, அதை அடுப்புல ஏத்தின பிறகுதான் சாராயம். அதாவது நம்ம ஜனங்க இந்த ரெண்டு வேலையையும் ரெண்டு சொல்லால ஏற்கனவே பிரிச்சு வச்சிருக்காங்க: ஊறல் போடுறது, காய்ச்சுறது. பீர்ங்கிறது ஆவி பிடிச்சு இறக்காம, அப்படியே தெளிய விட்டுக் குடிக்கிற தானிய ஊறல். போலீஸ் செய்தியில அடிபடுற சொல்லாச்சேன்னு ஒருத்தர் முகம் சுளிச்சாரு. ஊறுகாய்லயும் அதே ஊறுதான் இருக்கு, அரிசி ஊறப்போடுறதுலயும் அதேதான். வசதி இன்னொண்ணும் உண்டு. மால்ட்டை 67 டிகிரி வெந்நீர்ல வைக்கிறதும் ஊற வைக்கிறதுதான், ஈஸ்ட் போட்டு ரெண்டு வாரம் விடுறதும் ஊற விடுறதுதான், ஒரே சொல் ரெண்டு முக்கியக் கட்டத்தையும் தாங்குது. நடுவுல ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கிற ஒரு மணி நேரத்துக்கு மட்டும் காய்ச்சுறதுன்னு தாராளமா சொல்லுங்க, அங்க அது பொருந்தும். ஆக ஹோம்ப்ரூன்னா வீட்டு ஊறல், ப்ரூ பண்றதுன்னா பீர் ஊறல் போடுறது.

புதுசா செய்யறவங்க நிறைய பேர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (மால்ட் சாறைக் கெட்டியாக்கினது) டப்பாவுல ஆரம்பிக்கிறாங்க, அவங்களுக்கும் இந்தப் பிரிவினை வேணும். எக்ஸ்ட்ராக்ட்ல என்சைம் உயிரோட இருக்காது, அதுல ஓட்ஸை மட்டும் போட்டுக் காய்ச்சினா மாவுக்கலங்கல்தான் கிடைக்கும். ஓட்ஸோட ஒரு கிலோ பேல் மால்ட்டாவது சேர்த்துத் தனியா ஊற வச்சு, சாறை வடிகட்டி எடுத்து அப்புறம் எக்ஸ்ட்ராக்டோட கலக்கணும். ஓட்ஸ் ரோல்டு ஓட்ஸா இருந்தா நேரா போடலாம், ஏற்கனவே ஆவியில வெந்தது. உடைச்ச ஓட்ஸ்னா அதை மட்டும் முன்னாடியே கஞ்சியாக் காய்ச்சி ஆற வச்சுக்கணும்.

இதே ஆளுங்க 'ஸ்டவுட்'டையும் விட்டு வைக்கல, 'தடித்த பீர்'னு எழுதுறாங்க. ஸ்டவுட் பழைய பிரெஞ்சு 'எஸ்தூ'லேர்ந்து வந்தது, வீரமான, செருக்கான, உரமானன்னு பொருள், குண்டுங்கிற அர்த்தம் ரொம்பப் பின்னாடி ஒட்டினது. பீருக்கு அந்தப் பேரு 1677லயே பதிவாகியிருக்கு, அப்போ அது வீரியமான பீர், நிறம்கூட கணக்கில்லை. லண்டன்ல போர்ட்டர்ங்கிற கருநிற பீர்ல வீரியமானதை ஸ்டவுட் போர்ட்டர்னு சொல்லி, அப்புறம் போர்ட்டர் உதிர்ந்து வெறும் ஸ்டவுட் ஆச்சு. ஓட்மீல் ஸ்டவுட் 19ஆம் நூற்றாண்டு கடைசியில ஸ்காட்லாந்து, இங்கிலாந்துல சத்துள்ள பானம்னு வித்தது, பிறகு கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு, 1980ல டாட்காஸ்டர் ஊர்ல சாமுவேல் ஸ்மித் ப்ரூவரி திரும்பக் கொண்டு வந்தாங்க. அதைக் குடிச்சா நாக்குல பட்டு மாதிரி வழுவழுன்னு ஓடும், அது ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கன்ங்கிற நார்ச்சத்து தர்ற வழுவழுப்பு, தடிமன்ங்கிற சொல்லுக்கு அங்க வேலையே இல்ல. ஓட்ஸுக்குக் காடைக்கண்ணின்னு எழுதுறதும் வேண்டாம், அந்தப் பேரைச் சொல்லி மளிகைக் கடையில கேட்டா ஒருத்தரும் எடுத்துத் தர மாட்டாங்க. ஓட்ஸ் ஸ்டவுட்னு எழுதுங்க, எல்லாருக்கும் புரியும்.