ஈர முடியில் கர்லிங் ராட் வைக்காதீர்கள்: பழைய ஹாலிவுட் அலைக்கு அது தேவையே இல்லை

போன மாதம் ரிசப்ஷனுக்கு ட்ரையல் பார்க்க வந்த பெண்ணின் நெற்றிப் பக்க முடியைச் சீப்பில் எடுத்தேன், பாதி நீளத்தில் ஒடிந்து சீப்போடு வந்துவிட்டது. வேறொரு பார்லரில் பழைய ஹாலிவுட் அலை கேட்டிருக்கிறாள், ஈரம் காயாத முடியிலேயே சூடான ராடைச் சுற்றியிருக்கிறார்கள், சொர்ரென்று சத்தம் கேட்டுப் பயந்தபோது "வெறும் ஆவிதான்" என்றார்களாம். ஆவிதான், ஆனால் அது முடிக்கு உள்ளே இருந்த தண்ணீர் கொதித்து வந்தது. அப்படிக் கொதிக்கும்போது முடித்தண்டுக்குள் குமிழி குமிழியாக ஓட்டை விழுந்துவிடும், அப்புறம் எந்த சீரம் போட்டாலும் சேராது, வெட்டத்தான் வேண்டும்.

எனக்கு ஆறவே இல்லை. ஏனென்றால் அவள் காட்டிய போட்டோ ஹாலிவுட் நடிகை வெரோனிகா லேக்குடையது. 1940களில் அமெரிக்காவில் அந்த ஒற்றைக்கண் மறைக்கும் அலை அவ்வளவு பிரபலம். போர்க்காலத் தொழிற்சாலைகளில் பெண்களின் முடி இயந்திரத்தில் சிக்கிவிடும் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டு, அவர் முடியைத் தூக்கிக் கட்டிக்காட்ட வேண்டி வந்தது. அந்தக் காலத்துப் பெண்கள் வீட்டில் இந்த மாதிரி அலைகளை எடுத்தது பெரும்பாலும் தண்ணீரும் கிளிப்பும் வைத்துத்தான்.

முடி நனைந்தால் அதன் புரதமான கெரட்டினில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் விட்டுப்போகும், காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அதிலேயே மறுபடி சேர்ந்துகொள்ளும். ஆகவே முழுசாகக் காய்வதற்குள் கிளிப்பை எடுத்தால் எல்லாம் வீண்.

முந்தின நாளே ஷாம்பு போட்டுவிடுங்கள், எண்ணெய்ப் பசை துளியும் இருக்கக் கூடாது. சுருளைப் பிடித்து நிறுத்தும் லோஷனுக்குக் கடைக்கு ஓட வேண்டாம்: இரண்டு ஸ்பூன் ஆளி விதையை ஒன்றரை கப் தண்ணீரில் கொதிக்கவிட்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழுவழுப்பானதும் சூட்டோடேயே வடிகட்டுங்கள், ஆறினால் வடிகட்டவே முடியாது. லேசான ஈரத்தில் இதைத் தடவி, ஓர் அங்குல அகலத்துக்கு முடியைப் பிரித்து, நுனியிலிருந்து வேர் வரை விரலில் வளையமாகச் சுற்றித் தலையோடு படுக்க வைத்துக் கிளிப் போடுங்கள். நுனி மடங்கியிருந்தால் அது தூண்டில் முள் மாதிரி நிற்கும், அந்த ஒன்றைப் பிரித்துத் திரும்பச் சுற்றுவதுதான் வழி. ஒரு வரிசை வலப்பக்கமாகச் சுற்றினால் அடுத்த வரிசை இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும், அலை எழும்புவது இந்த மாற்றத்தில்தான். நம் பெண்களின் அடர்த்தியான முடிக்கு ஓர் இரவு முழுக்க வேண்டும். சில்க் துணி கட்டித் தூங்குங்கள்.

கிளிப்பை எடுக்கும் நேரத்தில்தான் எல்லோரும் கலங்கிவிடுகிறார்கள். இந்தப் பெண்ணின் அம்மா, "என்னம்மா இது, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கு!" என்று எழுந்தே நின்றுவிட்டார். "கொஞ்சம் பொறுங்கம்மா" என்று உட்கார வைத்தேன். சுருள் இறுகலாக இருப்பதுதான் நல்ல செட். பயந்துபோய்த் தண்ணீர் தெளித்துவிடாதீர்கள், பிரஷ்ஷை எடுத்து நிதானமாக, பத்து நிமிடமாவது, உள்ளங்கையால் அடியில் தாங்கிக்கொண்டே சீவுங்கள். முதலில் பஞ்சு மாதிரி உப்பும், விடாமல் சீவினால் தனித்தனிச் சுருள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து ஒரே அலையாகப் படியும். எத்தனை வருடமாகப் பார்த்தாலும் எனக்கு அலுக்காத நிமிடம் அது.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: சென்னை மாதிரி ஊரில் காற்றிலிருக்கும் ஈரமே செட்டைத் தளர்த்திவிடும், மண்டபத்தில் ஏசி இல்லையென்றால் தோள்வரை விட்ட அலையை விட, பின்னால் சுருட்டிக் குத்தும் அலங்காரம்தான் தாக்குப்பிடிக்கும்.

அந்தப் பெண்ணுக்கு ஒடிந்த பகுதியை வெட்டி, வகிட்டை மறுபக்கம் மாற்றி, முன்னலையைக் காதுக்கு நேரே ஆரம்பித்தேன். ரிசப்ஷன் முடிந்து இரவு பதினொன்றரைக்கு அனுப்பிய செல்ஃபியில் பூ வாடியிருந்தது, அலை அப்படியே இருந்தது.