'காப்பீட்டு வழங்குநர்' என்பவர் யார்?

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்கான அறிவிப்பில் ஒரு வரி: 'தகுதி வாய்ந்த காப்பீட்டு வழங்குநரைத் தேர்வு செய்தல்'. அரை மணி நேரம் பேசினோம். தலைவர் நிறுவனத்தை நினைத்துக்கொண்டு பேசினார், செயலாளர் தனக்குத் தெரிந்த ஏஜெண்டை, பொருளாளர் தரகரை. மூவர் வாயிலும் வந்தது என்னவோ 'வழங்குநர்'தான்.

காப்பு என்றால் பாதுகாவல். ஈடு, இழந்ததற்குச் சமமாகத் தருவது. இரண்டும் சேர்ந்தது காப்பீடு. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் காப்புறுதி என்பார்கள், அதுவும் நல்ல சொல்தான். வேர்க்கதை இவ்வளவு போதும்.

என் சண்டை 'வழங்குநர்' மேல். 'புரொவைடர்' எங்கே வந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போட்டுவிடுகிறார்கள். தமிழில் வாரி வழங்கியவர்கள் வள்ளல்கள். பிரீமியத்தை வாங்கிக்கொண்டு, இழப்பீடு கேட்டதும் விதிவிலக்குப் பக்கத்தைப் புரட்டுகிறவருக்கு இந்தப் பட்டம் எதற்கு? சரி, கேலி இருக்கட்டும். முகவர் நிறுவனத்தின் ஆள். தரகர், வாங்குகிற நம் சார்பில் பல நிறுவனங்களின் பாலிசிகளை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவர். சுற்றுச்சுவர் இடிந்து யாருடைய கார் மேலாவது விழுந்தால் பணம் தர வேண்டியது நிறுவனம். இந்த மூன்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் யாரை எந்தக் கேள்வி கேட்பது?

'காப்பீட்டாளர்' போதாதா என்பார்கள். முதலீடு செய்பவர் முதலீட்டாளர் என்றால், காப்பீடு எடுத்தவரல்லவா காப்பீட்டாளர்? செய்தித்தாள்களிலேயே இரண்டு பொருளிலும் வருகிறது. 'காப்பீட்டு நிறுவனம்' என்று எழுதினால் குழப்பமே இல்லை. அது புதுச்சொல் இல்லை என்பதுதான் மொழிபெயர்ப்பாளர்களுக்குக் குறை போலிருக்கிறது.

அப்புறம் அந்தத் 'தகுதி வாய்ந்த'. பட்டமா, அனுபவமா, கைராசியா? இங்கே முதலில் பார்க்க வேண்டியது உரிமம். அதை அப்படியே சொல்லலாமே.

வரியை மாற்றி எழுதிக் கொடுத்தேன்: 'உரிமம் பெற்ற தரகர் வழியாக மூன்று காப்பீட்டு நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்பது'. செயலாளர் இரண்டு முறை படித்தார். "எல்லாம் சரி சார், தரகர்னு போட்டா ஒரு மாதிரி இருக்கே. ஆலோசனை வழங்குநர்னு போட்டுடலாமா?"