நாலு தோட்டா தவறியும் தங்கம்: பயாத்லானில் காற்று போடும் கணக்கு

பயாத்லான் என்பது பனிச்சறுக்கும் துப்பாக்கி சுடுதலும் சேர்ந்த விளையாட்டு. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் ஆண்கள் பயாத்லான் மாஸ் ஸ்டார்ட் பந்தயத்தை வென்ற நார்வேக்காரர் யோஹான்னஸ் திங்னெஸ் போ, 20 தோட்டாவில் நாலைத் தவறவிட்டார். உலகின் முதல்தர வீரருக்கு 50 மீட்டரில் குறி தவறுமா? தவறியும் எப்படித் தங்கம்? வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விக்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான்: காற்று.

விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். 30 பேர் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். 3 கிலோமீட்டர் வீதம் ஐந்து சுற்று, மொத்தம் 15 கிலோமீட்டர் பனிச்சறுக்கு. இடையில் நாலு முறை சுட வேண்டும். முதல் இரண்டு முறை படுத்தபடி, அடுத்த இரண்டு முறை நின்றபடி, ஒவ்வொரு முறையும் ஐந்து தோட்டா. தவறும் ஒவ்வொன்றுக்கும் 150 மீட்டர் தண்டனைச் சுற்று. அதில் 22 முதல் 25 வினாடி வரை போய்விடும். களைப்பில் ஒரு தண்டனைச் சுற்றை மறந்துவிட்டால் இரண்டு நிமிடம் கூட்டிவிடுவார்கள். இந்தப் பந்தய வகை உலக சாம்பியன்ஷிப்பில் 1999இலும் ஒலிம்பிக்கில் 2006இலும்தான் நுழைந்தது.

துப்பாக்கி நமக்குப் புதிதல்ல. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றதும் இதே .22 (அங்குலக் கணக்கில் குழல் விட்டம்) ரகத்தில், இதே 50 மீட்டர் தூரத்தில்தான். அவருடைய இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர். பயாத்லானில் படுத்துச் சுடும்போது 45 மில்லிமீட்டர், நின்று சுடும்போது 115 மில்லிமீட்டர். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் 45 மில்லிமீட்டரின் ஆரம் 22.5. ஒரு மீட்டர் நீளத் துப்பாக்கியின் முனை அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே தோட்டா வட்டத்துக்கு வெளியே போய்விடும். அதுவும் மேட்டில் மூச்சிரைக்க ஏறி வந்து, நாடித்துடிப்பு 160, 170இல் இருக்கும்போது சுட வேண்டும்.

"இவர்கள் மூச்சுப் பயிற்சியால் இதயத்தையே நிறுத்திவிட்டுச் சுடுகிறார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் கதையை நம்பாதீர்கள். 170 துடிப்பென்றால் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 0.35 வினாடிதான். அவர்கள் செய்வது சாதாரணக் காரியம்: ஒரு மூச்சு, பாதி வெளியே விட்டு ஒரு கணம் நிறுத்தல், விசையை அழுத்தல், அடுத்த தோட்டாவை ஏற்ற போல்ட்டை இழுத்துத் தள்ளல், மறுபடி மூச்சு. இரண்டு மூன்று வினாடிக்கு ஒரு தோட்டா. மேல்கையில் மாட்டிய வார் தமனியை அழுத்துவதால் துடிப்பு துப்பாக்கிவரை வரத்தான் செய்யும். பயிற்சி எல்லாம் அந்த அசைவு வட்டத்துக்குள் அடங்குவதற்காகத்தான்.

இனி காற்றுக்கு வருவோம். எனக்கு இதில் ஆகப் பிடித்த இடம் இதுதான்.

தோட்டா முனையைவிட்டு வினாடிக்கு 325 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குறுக்கே வினாடிக்கு 4 மீட்டர் காற்று, அதாவது கொடியில் காயும் சட்டையை நன்றாக ஆட்டும் காற்று. தோட்டா எவ்வளவு விலகும்? பள்ளிக்கூடத்துப் பரிசல் கணக்குப்படி, ஆறு இழுக்கும் வேகத்தைக் கடக்கும் நேரத்தால் பெருக்க வேண்டும். பறக்கும் நேரம் 0.1588 வினாடி, 4ஆல் பெருக்கினால் 63.5 சென்டிமீட்டர். அப்படியானால் காற்றடிக்கும் நாளில் ஒருவராலும் சுட முடியாது. நிஜத்தில் விலகுவது வெறும் 2 சென்டிமீட்டர்!

காரணம் புரிய, காற்றோடு மிதந்து போகும் பலூனில் ஏறிக்கொள்ளுங்கள். உங்களுக்குக் காற்றே இல்லை, எல்லாம் அசைவற்று நிற்கிறது. தோட்டாதான் சற்றுச் சாய்வாகப் பறக்கிறது: முன்னால் 325 மீட்டர் போனால், காற்று வந்த பக்கமாக 4 மீட்டர். அசையாத காற்றில் தடை, போகும் திசைக்கு நேர் எதிராகத்தான் இருக்கும். அதனால் தோட்டாவின் வேகம் குறையும், ஆனால் சாய்வு மாறாது. 50 மீட்டர் முன்னேறுவதற்குள் பலூனிலிருந்து பார்க்க அது 61.5 சென்டிமீட்டர் பக்கவாட்டில் போயிருக்கும். அதே நேரத்தில் உங்கள் பலூன் எதிர்ப்பக்கமாக 63.5 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த 2 சென்டிமீட்டர்.

ஆக, காற்றின் கணக்கில் வருவது பறக்கும் நேரமல்ல, தாமதம். வெற்றிடத்தில் 0.1538 வினாடியில் போயிருக்க வேண்டிய தோட்டா, தடையால் 0.1588 எடுத்துக்கொண்டது. அந்த 5 மில்லிவினாடியைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் வந்துவிடும். 19ஆம் நூற்றாண்டு பிரெஞ்சு பீரங்கிப் படை அதிகாரி இசிதோர் திதியோன் பெயரால் வழங்கும் சூத்திரம் இது. நம் இயற்பியல் பாடநூல்களில் எறிபொருள் இயக்கம் என்றாலே "காற்றுத் தடை புறக்கணிக்கத்தக்கது" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சுவையானதைத்தான் புறக்கணிக்கிறோம் என்பது என் எண்ணம்.

இந்தச் சூத்திரத்திலிருந்து ஒரு வேடிக்கை பிறக்கிறது. வேகமான தோட்டா காற்றில் குறைவாக விலகும் என்றுதானே தோன்றும்? .22இல் தலைகீழ். வினாடிக்கு 380 மீட்டர் வேகத் தோட்டா ஒலியை முந்துவதால் அதிர்வலை உண்டாகித் தடை எகிறும். முன்னதாகவே இலக்கைத் தொட்டாலும், வெற்றிடக் கணக்கோடு ஒப்பிட்டால் அதன் தாமதம் ஏறக்குறைய 7 மில்லிவினாடி. அதனால் விலகலும் அதிகம். பந்தயத் தோட்டாக்கள் ஒலியின் வேகத்தை ஒட்டியே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குளிர் இன்னொரு சிக்கலைச் சேர்க்கிறது. மைனஸ் 10 டிகிரியில் ஒலியின் வேகமே 325 மீட்டருக்கு இறங்கிவிடும். தோட்டாவின் மேல் பூசிய மெழுகு இறுகும், வெடிமருந்து மந்தமாக எரியும். எனவே அணிகள் தோட்டாவைத் தயாரிப்புத் தொகுதி வாரியாகக் குளிரிலேயே சுட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுக்கின்றன.

2 சென்டிமீட்டர் என்பது 22.5 மில்லிமீட்டர் ஆரத்தில் ஏறக்குறைய முழுசும்தான். நடுவில் குறிவைத்த தோட்டா விளிம்பை உரசும், கை கொஞ்சம் நடுங்கினால் வெளியே. அதனால் பந்தயத்துக்கு முன் ஜீரோயிங், அதாவது அன்றைய காற்றுக்கேற்பக் குறியைச் சரிசெய்வது, நடக்கும். வீரர் சுடுவார், பயிற்சியாளர் பின்னால் தொலைநோக்கியில் பார்த்துத் திருத்தம் சொல்வார், வீரர் சைட்டின் (குறிபார்க்கும் கருவியின்) திருகை இடமோ வலமோ சில கிளிக் திருப்புவார். சைட்டில் தொலைநோக்கி வில்லை கிடையாது, பின்னால் சிறு துளை, முன்னால் வளையம். துளைக்குள் பனி புகுந்தால் ஒன்றும் தெரியாது, ஆகவே மூடி வைத்திருப்பார்கள்.

சிக்கல் எங்கே வருகிறது? ஜீரோயிங்கின்போது இருந்த காற்றுக்குத்தான் சைட் பொருந்தும். அரை மணி கழித்துக் கொடி வேறு பக்கம் பறந்தால் சுடும் பாயிலேயே கிளிக் போட வேண்டும், அல்லது குறியைத் தள்ளிவைத்துச் சுட வேண்டும், அல்லது காற்று அடங்கக் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும் ஒவ்வொரு வினாடியும் நேரத்தில் சேரும். மாஸ் ஸ்டார்ட்டில் இன்னொரு தொல்லை: முதல் முறை மார்பு எண் எதுவோ அந்த எண் இலக்கில்தான் சுட வேண்டும், பிறகு வந்து சேரும் வரிசைப்படி இடம் மாறும். ஓரத்தில் மரத்தின் மறைவு இருந்தால் 2ஆம் இலக்கில் அடிக்கும் காற்று 28இல் அடிக்காது.

நின்று சுடும்போது காற்றின் வேலையே வேறு. 115 மில்லிமீட்டர் வட்டத்தில் 2 சென்டிமீட்டர் விலகல் பெரிதல்ல. இங்கே அது தோட்டாவை விட்டுவிட்டு ஆளைத் தள்ளுகிறது. வார் இல்லை, முழங்கை ஊன்ற இடமில்லை, குறைந்தது 3.5 கிலோ துப்பாக்கி, வியர்த்த உடம்பில் குளிர்க்காற்று. முனை வட்டம் போடும். விசை அழுத்தும் கணத்தில் வரும் ஒரு வீச்சு போதும்.

இப்போது போவின் தங்கம். நாலு தவறு என்றால் 600 மீட்டர் கூடுதல், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம். அமைதியான நாளில் அத்தோடு கதை முடிந்திருக்கும். பந்தயம் நடந்த ஜாங்ஜியாகௌவில் அன்று காற்று எல்லோரையும் அடித்தது. எல்லோரும் சுற்றும்போது தண்டனைச் சுற்றின் விலை இறங்கிவிடும், சறுக்கு வேகம்தான் மிஞ்சும். அதில் போவை எட்ட ஆளில்லை. ஸ்வீடனின் மார்ட்டின் பொன்சிலுவோமா ஏறக்குறைய 40 வினாடி பின்னால் இரண்டாவது, நார்வேயின் வெட்லே கிறிஸ்டியான்சென் ஒரு நிமிடத்துக்கும் மேல் பின்னால் மூன்றாவது. அதே ஒலிம்பிக்கில் ஐந்து பந்தயத்தில் ஐந்து பதக்கம் வாங்கியிருந்த பிரான்சின் ஃபியோன் மையேவுக்கு நான்காம் இடம்தான். அந்தப் பருவத்தின் உலகக் கோப்பைத் தொடரில் மாஸ் ஸ்டார்ட் பட்டமோ போவுக்குப் போகவில்லை. மார்ச்சில் நார்வேயின் ஹோல்மென்கோலனில் தன் முதல் உலகக் கோப்பைப் பந்தய வெற்றியைப் பெற்ற சிவெர்ட் பாக்கென் அதைத் தட்டிச் சென்றார்.